இருபத்தோராவது பெட்டி

சென்ற வாரம் எனக்கு ஒரு வெளிநாட்டுப் பொட்டலம் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. பொடி எழுத்தைப் படிக்க உதவும், விளக்கு வைத்த பூதக்கண்ணாடி ஒன்றைக் கைப்பேசியில் பார்த்து, விலை மலிவாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு விரலால் தட்டிவிட்டேன். கூரியர்க்காரர் வாசலில் நின்றுகொண்டு, "சார், இதுக்குக் கஸ்டம்ஸ் டியூட்டி தனியா இருக்குது" என்றார். கண்ணாடியின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல், அந்த வரியை எனக்காக அரசாங்கத்திடம் கட்டிய சிரமத்துக்காகக் கூரியர் கம்பெனிக்கு ஒரு கட்டணம். அந்தக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. நான் ஒரு வார்த்தை பேசாமல் பணத்தை அனுப்பினேன். கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குக் கால்மணி நேரம் வழக்காடுகிறவன் இப்படி வாயை மூடிக்கொண்டதைப் பார்த்து என் மனைவி பயந்துபோனாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. இந்த விஷயத்தில் நான் பயிற்சி பெற்றவன், அவ்வளவுதான். பெட்டியைப் பிரித்ததும் குப்பென்று ஒரு வாடை அடித்தது. புது ரப்பர் செருப்பும் பாச்சை உருண்டையும் கலந்த மாதிரி ஒரு வாடை. சீனாவிலிருந்து கடல் தாண்டி வருகிற அட்டைப் பெட்டிகளுக்கென்றே உள்ளது. மற்றவர்களுக்கு அது என்னவோ, எனக்கு அது என் கூடப் பிறந்த மரகதம் அக்காவின் கடை வாடை.

கடை என்று சொல்வது மரியாதைக்குத்தான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அக்கா வீட்டின் முன்னறை அது. கல்யாணப் பட்டுப்புடவைக்கு ஏற்ற ரவிக்கையில், கொக்கி ஊசியால் கல்லும் மணியும் கோத்துத் தைக்கிற ஆரி வேலை அப்போதுதான் ஊரில் சூடு பிடித்திருந்தது. முன்பெல்லாம் புடவையை எடுத்தால் ரவிக்கைத் துணி அதிலேயே சும்மா வரும். தையல்காரரிடம் கொடுத்தால் முடிந்தது. திடீரென்று மணப்பெண்களுக்கு முதுகில் மயில் ஆட வேண்டியிருந்தது, தோளில் யானை நடக்க வேண்டியிருந்தது. யானைக்குக் கல், மயிலுக்கு மணி, இரண்டுக்கும் நடுவே சமிக்கி. சில வீடுகளில் ரவிக்கை புடவையின் விலையை எட்டிப் பிடித்து, அதைத் தாண்டியும் போனது. ஊரெல்லாம் தறியில் சம்பாதித்ததை முதுகில் ஒட்டிக்கொண்டு அலைந்த காலம் அது.

அக்காவின் கணவர், அதாவது மாமா, ஒரு பட்டுக்கடையில் கேஷியர். நாள் முழுக்க அடுத்தவர் பணத்தை எண்ணி எண்ணி, அவருக்கு யார் செலவு செய்தாலும் தன் பையிலிருந்து போவதுபோல் ஒரு வலி. "முதுகுல கல்லு ஒட்டறதுக்கு ஒரு கடையாம்மா?" என்று அக்காவைக் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்காத நாள் கிடையாது. அக்கா பதில் சொல்லத் தொடங்கினால், "சரி சரி, சுருக்கா சொல்லு" என்பார். இதில் மாமாவை மட்டும் குறை சொல்வதற்கில்லை. எங்கள் வீட்டில் எல்லோருமே அக்காவிடம் அதைத்தான் சொல்வோம். அவள் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அதன் தாத்தா காலத்திலிருந்து தொடங்குவாள். உப்பு தீர்ந்துவிட்டது என்பதற்கே முன்கதை உண்டு.

அக்காவுக்கு ஒரு கனவு இருந்தது. முன்னறையை விட்டு காந்தி ரோட்டில் ஒரு கடை எடுக்க வேண்டும். பட்டு எடுக்க வருகிற கூட்டம் படியிறங்கியதும் கண்ணில் படுகிற மாதிரி ஓர் இடம் பார்த்து வைத்திருந்தாள். கடைக்குச் சொந்தக்காரரும் ஆவணி முடிகிறவரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். ஆவணி முகூர்த்தங்களுக்கு அவளிடம் நிறைய மணப்பெண் ரவிக்கைகள் வந்திருந்தன. அவற்றில் லாபம் நின்றால் கடை. நிற்காவிட்டால் ஆயுசுக்கும் முன்னறை. "இந்த ஆவணி தாண்டட்டும், நான் ரோட்டு மேல போறேன் பாரு" என்று மாமாவிடம் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

லாபம் நிற்பதற்கு அவள் ஒரு வழியும் கண்டுபிடித்தாள். கல் மணியெல்லாம் சென்னைப் பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரியிடம் வாங்குவாள். ஒருநாள் பொட்டலத்தின் அடியில் சீன எழுத்து ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். "அவன் எங்க வாங்கறானோ, அங்கியே நாமளும் வாங்கினா இன்னாபா?" என்று என்னைக் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் கேட்டதில் மிக அதிகம் செலவு வைத்த கேள்வி இதுதான். நான் அப்போது பி.காம். முடித்துவிட்டு, வேலை என்னைத் தேடி வரட்டும் என்று பெருந்தன்மையாகக் காத்திருந்தேன். உடனே அக்கா கடையின் சர்வதேச வர்த்தகப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். சம்பளம் மதியச் சாப்பாடு.

இணையத்தில் தேடியதில் லில்லி கிடைத்தாள். சீனாவில் எந்தக் கம்பெனிக்கு எழுதினாலும் ஒரு லில்லியோ ரோஸியோதான் பதில் போடுவார்கள் என்பது பின்னால் தெரிந்தது. என்னை அன்புள்ள நண்பரே என்று ஆரம்பித்து எழுதிய முதல் பெண் அவள் என்பதால் நான் மிகுந்த கவனத்துடன் பதில் எழுதினேன். விலையும் படியவைத்தேன். இருபது பெட்டி எடுத்தால்தான் அந்த விலை. அக்காவிடம் வெற்றிச் செய்தியைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது.

"வெறும் இருவதாபா? இருவத்தொண்ணா போடச் சொல்லு."

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆயிரம் ரூபாய் மொய் எழுதினால் அது மொய் ஆகாது, ஆயிரத்தொன்றுதான் மொய். ஆனால் நீங்களும் நானும் அதைக் கல்யாணத்தோடு நிறுத்திக்கொள்வோம். அக்கா நிறுத்தமாட்டாள். பட்டன் வாங்கினாலும் ஒன்று சேர்த்து, முறுக்கு சுட்டாலும் ஒன்று சேர்த்து. தோசையைக் கேட்ட எண்ணிக்கையில் தட்டில் வைத்து அவள் கொடுத்து நான் பார்த்ததில்லை. முழுசாக நிறுத்தினால் அதோடு நின்றுவிடும், ஒன்று கூட வைத்தால் மேலே மேலே வளரும் என்பது அவள் கணக்கு. தொழிலுக்கு வாங்கும் சரக்கில் வரும் கூடுதல் ஒன்று எங்கள் தெரு அம்மனுக்குப் போகும். இந்த முறை ஆடித் திருவிழாவுக்கு அம்மன் பாவாடையில் கல் வைத்துத் தைக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

நான் லில்லிக்கு எழுதினேன். சும்மா இருபத்தொன்று என்று எழுதியிருந்தால் வம்பில்லை. என் ஆங்கிலத்தின் மேல் எனக்கிருந்த நம்பிக்கையில், எங்கள் பண்பாட்டை அரைப் பக்கம் விளக்கி, அந்த ஒரு பெட்டி எங்கள் கடவுளுக்கு என்று முடித்தேன். லில்லிக்கு மனம் இளகிவிட்டது. கடவுளிடம் எப்படிக் காசு வாங்குவது, அந்தப் பெட்டி எங்கள் அன்பளிப்பு என்று பதில் எழுதினாள். சீனத்துக்காரி ஒருத்திக்கு இருக்கிற பக்தியைப் பார்த்து அக்கா கண்கலங்கினாள். மாமா மட்டும், "சைனாக்காரன் கிட்ட மொய் வாங்கின மொத குடும்பம் நாமதாம்மா" என்றார்.

சரக்கு கப்பலேறியது. இறக்குமதி என்றால் பொருளின் விலைக்கு ஒரு வரி கட்டினால் முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். பி.காம். படித்தவன் அல்லவா. முதலில் பொருளின் விலை எது என்பதே எனக்குத் தெரியவில்லை. கப்பல்காரனுக்குக் கொடுத்த கூலியும், கப்பல் மூழ்கினால் கிடைக்க வேண்டிய காப்பீட்டுக்குக் கட்டியதும் சேர்ந்துதான் பொருளின் விலையாம். அதன் மேல் சுங்க வரி. அந்த வரியின் மேல், சமூக நலனுக்காக இன்னொரு வரி. இவை எல்லாவற்றையும் கூட்டி, அதன் மேல் ஜி.எஸ்.டி. அரசாங்கத்தோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. பெட்டியை இறக்கக் கூலி, இறக்கியதை வைத்திருக்க வாடகை, வைத்ததை ஏற்றக் கூலி. உங்கள் பொருளை உங்களிடம் கொடுக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள், அந்தத் தாளுக்கு ஒரு கட்டணம். எங்கள் கல் எல்லாம் கண்ணாடிக்கல். கரைக்கு வந்து சேர்ந்தபோது வைரத்துக்கு உரிய மரியாதையை அடைந்திருந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள சென்னையில் தம்பு செட்டித் தெருவில் ஓர் ஏஜெண்ட் பிடித்தோம். பெயர் ஞானசேகர். குறுகிய மாடிப்படி ஏறினால், மேஜை, மின்விசிறி, ஞானசேகர் மூன்றும் ஒரே அறையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருக்கும். எல்லோரையும் தலைவரே என்பார். ஒவ்வொரு கட்டணத்தையும் அவர் சொல்கிற விதம், பக்கத்து வீட்டில் நடந்த துக்கத்தைச் சொல்வதுபோல் இருக்கும். ஆடி பிறந்த வாரம் அவரிடமிருந்து போன் வந்தது.

"தலைவரே, பேப்பர்ல இருவது இருக்குது. குடோன்ல எண்ணினா இருவத்தொண்ணு வருதே. இன்னா மேட்டர்?"

இலவசமாகக் கொடுப்பதை எழுதுவானேன் என்று லில்லி விலைப்பட்டியலில் இருபது என்றே போட்டிருக்கிறாள். நானும் பார்த்தேன். பார்த்து, நல்ல பெண், சொன்ன சொல்லைக் காப்பாற்றி அந்தப் பெட்டிக்கு விலை போடவில்லை என்று மகிழ்ந்தேன். சட்டத்தின் கண்ணில் அதற்கு வேறு பெயர் இருந்தது. கணக்கில் காட்டாத சரக்கு. இருபத்தொரு பெட்டியையும் நிறுத்திவிட்டார்கள். நின்ற பெட்டிகளுக்கு ஒவ்வொரு நாளும் குடோன் வாடகை ஏறியது. டிமரேஜ் என்று ஞானசேகர் அதை மெல்லிய குரலில் சொல்வார்.

அவரே ஒரு வழியும் சொன்னார். "அந்த ஒரு பொட்டி எங்களுது இல்ல, தப்பா வந்துடுச்சின்னு எழுதிக் குடுத்துடுங்க. அத்த கஸ்டம்ஸ்காரங்க எடுத்துப்பாங்க. மிச்சம் இருவது ரெண்டு நாள்ல உங்க வீட்ல இருக்கும்."

நான் ஏற்கெனவே பேனாவைத் திறந்துவிட்டேன். அக்கா, "இருபா" என்றாள். "நம்ம கேட்டுத்தான வந்துது? சாமிக்குன்னு கேட்டு வாங்கிட்டு, எங்களுது இல்லன்னு எப்படி எழுதறது?"

அன்று மாலைவரை நேரில் நானும், பட்டுக்கடையிலிருந்து போனில் மாமாவும், மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்தோம். ஒரு பெட்டிக் கல் எங்கே, காந்தி ரோட்டுக் கடை எங்கே. தாமலிலிருந்து ஒரு மணப்பெண்ணின் அப்பா தினமும் போன் செய்து, ரவிக்கை ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. "ஒண்ண தள்ளிட்டு வெறும் இருவதா எடுத்துக்கினு வந்து, அதுல கட வெச்சா வெளங்குமா?" என்று ஒரே கேள்வியில் எங்கள் இருவரையும் முடித்தாள். பிறகு, "நானே வந்து அந்த ஆபீசர் கிட்ட சொல்றேன்" என்றாள். வேண்டாம் என்று கெஞ்சினேன். ஏனென்றால் அவள் சொல்லுவாள்.

திருமால்பூரிலிருந்து கடற்கரைக்குப் போகும் ரயிலில் போனோம். நல்ல பட்டுப்புடவை, தலையில் பூ. அக்கா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்திருந்தாள். சுங்க அலுவலகத்தில் அந்த அதிகாரி ஐம்பதைத் தாண்டியவர், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். மேஜை முழுக்கக் கோப்புகள். எங்களையும் கூட வந்த ஞானசேகரையும் உட்காரச் சொன்னார்.

"இன்வாய்ஸ்ல இருபது. எண்ணினா இருபத்தொண்ணு. அந்த ஒண்ணு எதுக்கும்மா?"

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க நைனா காலத்துல சார்" என்று தொடங்கினாள். ஞானசேகர் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். அவள் காலை மிதிக்க அவருக்குத் தைரியம் இல்லை. அந்த நேரம் பார்த்து அலுவலக உதவியாளர் ஒருவர் ஒரு மஞ்சள் கவரோடு உள்ளே வந்தார். அந்தப் பிரிவில் யாருக்கோ கல்யாணம். எல்லோரும் பங்கு போடுகிறார்கள். அதிகாரி சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்தார். கவருக்குள் போடவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்தார், மூடினார். பேண்ட் பையில் கைவிட்டுத் துழாவினார். "ஒரு ரூபா இருக்குதா யார்கிட்டயாவது?" என்றார்.

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தடுத்திருப்பேன். சுருக்குப் பையைத் திறந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அவர் மேஜை மேல் வைத்துவிட்டாள். ஞானசேகரின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த அறையில் வந்து உட்காருகிற யாரும் மேஜையில் காசு வைக்கக் கூடாது; ஒரு ரூபாய்க்கும் ஜெயில் ஒன்றுதான். அதிகாரி பேனா முனையால் நாணயத்தை மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

"எடுத்துக்குங்கம்மா. நான் வாங்கக் கூடாது." உதவியாளரிடமே ஒரு ரூபாயைக் கடன் வாங்கிக் கவரில் போட்டு அனுப்பினார். பிறகு திரும்பி, "சொல்லுங்க, அந்த ஒரு பெட்டி எதுக்கு?" என்றார்.

"இப்ப நீங்க தேடனீங்களே சார், அதுக்குத்தான்" என்றாள் அக்கா.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார்.

அவரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அக்கா முதலிலிருந்து சொன்னாள். நைனா தறிக்குப் பாவு நூல் வாங்கினால் ஒரு முழம் கூட வாங்கியது, கல்யாணமாகி வந்த வீட்டில் கேட்டுக் கேட்டு முன்னறையை வாங்கியது, ஒலிமுகமதுபேட்டையிலிருந்து வேலைக்கு வருகிற பெண்கள், மயில், யானை, அம்மன் பாவாடை, லில்லி, காந்தி ரோட்டுக் கடை, தாமல் மணப்பெண்ணின் அப்பா. ஞானசேகர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதிகாரி மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கொண்டுவந்து வைத்த டீ ஆடை படிந்து ஆறிப்போனது. அவள் நிறுத்தியபின், இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று வேறு கேட்டார்.

"எனக்குப் புரியுதும்மா. சும்மா குடுத்தாலும் அதுக்கு ஒரு வெல போட்டு எழுதணும், அதுதான் சட்டம். எழுதாததுக்கு ஃபைன் போட்டுத்தான் ஆகணும். எவ்வளவு கம்மியா போட முடியுமோ அவ்வளவு கம்மியா போடறேன்."

"சாமிக்குன்னா கூடவா சார்?"

"சாமிக்கு விலக்கு குடுத்து இன்னும் ஆர்டர் வரலம்மா" என்றார், சிரிக்காமல்.

சொன்னபடியே குறைத்துத்தான் போட்டார். ஆனால் உத்தரவு வந்து, பணம் கட்டி, ரசீது வாங்கி, பெட்டிகள் வெளியே வருவதற்குள் ஆவணி பாதி போய்விட்டது. வாடகை மட்டும் ஒருநாளும் ஓய்வெடுக்கவில்லை. அம்மன் புதுப்பாவாடைக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, பழையதையே கட்டிக்கொண்டு திருவிழாவை முடித்திருந்தாள். இருபத்தொரு பெட்டிகளில் சும்மா வந்த பெட்டிதான் எல்லாவற்றையும்விட விலை கூடியது என்று மாமா கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த ஒரு வேலையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

ரவிக்கைகளை அக்கா விட்டுவிடவில்லை. பாரிமுனை வியாபாரியிடமே போய், அவன் சொன்ன விலைக்குக் கல் வாங்கிவந்து, எல்லா மணப்பெண்களுக்கும் சொன்ன தேதியில் கொடுத்தாள். தாமல் பெண்ணின் முதுகில் மயில் நன்றாகவே ஆடியது. அந்த வியாபாரியின் பொட்டலங்களில் லில்லி கம்பெனியின் முத்திரைதான் இருந்தது. அவன் இருபது என்றால் இருபது மட்டும் வாங்குகிறவனாக இருக்க வேண்டும். அக்காவுக்கு லாபம் நிற்கவில்லை. காந்தி ரோட்டுக் கடையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கல் முன்னறையில் அந்த வாடையோடு அடுக்கி இருந்தது. தைத்துத் தீர இரண்டு வருடம் ஆயிற்று. அதற்குள் கம்ப்யூட்டர் மெஷினில் மயில் போட ஆரம்பித்துவிட்டார்கள், அரை நாளில் மூன்று மயில். அக்கா கடையை மூடினாள். இப்போது அந்த முன்னறையில் மாமா ரிட்டையர் ஆகி டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய கேள்வியும் நின்றுவிட்டது, கேட்பதற்குக் கடை இல்லையே.

பூதக்கண்ணாடி வந்த அன்று, எதற்கும் இருக்கட்டும் என்று ஞானசேகருக்குப் போன் செய்து பேசினேன். தம்பு செட்டித் தெரு மாடியைக் காலி செய்துவிட்டாராம்; வீட்டிலிருந்தே வேலை. "இப்பல்லாம் யாரையும் போய்ப் பாக்க வேணாம் தலைவரே. பார்க்கவும் முடியாது. நம்ம பேப்பர இங்க போட்டா, எந்த ஊர்லயோ ஒரு ஆபீசர் பாக்கறாரு. அவர் யாருன்னு நமக்குத் தெரியாது, நாம யாருன்னு அவர் பாக்க மாட்டாரு. கேள்வி ஸ்க்ரீன்ல வரும். பதில ஸ்க்ரீன்லயே போட்ற வேண்டியது." நல்ல ஏற்பாடு. ரயிலேற வேண்டாம், பட்டுப்புடவை கட்ட வேண்டாம், யார் காலையும் யாரும் மிதிக்க வேண்டாம். நான் மனதாரப் பாராட்டினேன்.

பிறகு அக்காவிடம் பேசினேன். அவள் இப்போது ஒரு பெரிய பட்டுக்கடையின் ரவிக்கைப் பிரிவில் இருக்கிறாள். நான் கட்டிய வரியைக் கேட்டுச் சிரித்தாள்.

"அந்த ஆபீசர் இன்னும் இருக்காராபா?"

"ரிட்டையர் ஆயிருப்பாருக்கா."

"நல்ல மனுசன்."

"ஃபைன் போட்டவரு நல்ல மனுசனா?"

"போடட்டுமே. நான் சொன்னத கடசி வரிக்கும் கேட்டது அவர் ஒருத்தர்தான்பா."

கூடப் பிறந்தவன் நான், தாலி கட்டியவர் மாமா. அவளுடைய கதை முழுவதையும் கேட்டவர் அவளுக்குத் தண்டம் போட்ட ஒரு சுங்க அதிகாரி. வேறு எதையோ பேசிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

திரையில் பதில் எழுதுகிற கட்டத்தில் இத்தனை எழுத்துதான் என்று அளவு உண்டாம், ஞானசேகர் சொன்னார். நைனா காலத்தைத் தாண்டுவதற்கே அக்காவுக்கு அது போதாது.